ஓட்டிப் பாத்த மெஷின்

வாங்க தம்பி. செருப்பு அங்கயே கெடக்கட்டும், உள்ள வாங்க. கோபியிலிருந்து பஸ்ஸுலயேவா வந்தீங்க? உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல. காப்பி எனக்குப் போடத் தெரியாதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.

மெஷின் இதாங்க, டேபிள் மேல. டிபன் பாக்ஸ் அளவுதான். கொழாய், மாஸ்க்கு, தண்ணி ஊத்தற தொட்டி எல்லாம் கழுவிக் காய வெச்சிருக்கறேன். வாங்கி எட்டு மாசந்தான் ஆச்சு. கூடவே இந்த நோட்டும் தாரேன்னு போன்ல சொன்னனல்லங்க? இதுதான் அந்த நோட்டு. ஒவ்வொரு நாளும் என்ன செட்டிங், என்ன நம்பர், எல்லாம் என்ற கையெழுத்து.

ஆனா ஒண்ணுங்க. நேத்து நீங்க கூப்பட்டப்ப எனக்கே தெரியாது, இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. மெஷின்ல ஒரு பழுது இருக்குதுங்க. அதைய மறைச்சு உங்க தலையில கட்டறதுக்கு எனக்கு மனசில்ல.

நான் முப்பத்தொரு வருசம் பம்பு டெஸ்டிங்ல இருந்தவனுங்க. இதே கணபதி ஏரியாவுலதான் கம்பெனி. பம்பைத் தொட்டியில எறக்கி ஓட்டி, எத்தன அடி தண்ணி ஏறுது, எத்தன லிட்டர் கொட்டுது, எத்தன ஆம்ஸ் இழுக்குதுன்னு பாத்து நோட்டுல எழுதோணும். ரீடிங் வந்தா டிக்கு. வரலீன்னா செவப்பு மையில ஒரு வட்டம். வட்டம் போட்ட பம்பு வெளிய போகாதுங்க. மொதலாளியே வந்து நின்னாலும் போகாது. சென்னியப்பன் டிக்குப் போட்டான்னா கெணத்துல எறக்கிப்போட்டு நிம்மதியாப் படுக்கலாம்னு எனக்கு ஒரு பேரு இருந்துச்சு.

என்ன பழுதுன்னுதான கேக்கறீங்க? சொல்றேன். சும்மா சொன்னா வெளங்காது, மொதல்ல இருந்து வரோணும். பஸ்ஸு அஞ்சரைக்குத்தான?

யாருக்குன்னீங்க, ஊட்டுக்காரம்மாவுக்கா? கொறட்டையா? நீங்க எங்க, ஹால்லயா படுக்கறீங்க? பாருங்க, சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. நான் பதினோரு வருசங்க. இதே ஹால்ல, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் கட்டல் கெடந்துச்சு.

என்ற ஊட்டுக்காரி பேரு மயிலாத்தா. மயிலான்னுதான் கூப்படுவேன். அவ போயி இன்னைக்கோட மூணு மாசம் ஆச்சுங்க. ஆள் கொஞ்சம் பூசுனாப்பல இருப்பா. கொறட்டை உட்டான்னா அறைக் கதவைச் சாத்தி, ஹால்ல ஃபேனை அஞ்சுல வெச்சாலும் கேக்கும். எனக்குக் காலையில ஏழு மணிக்கு டெஸ்டிங்ல நிக்கோணும். ஒரு நாள் எரிச்சல்ல கட்டலைத் தூக்கியாந்து வெளிய போட்டுட்டேன். ரெண்டு நாளைக்குன்னுதான் போட்டேன். அது பதினோரு வருசமாப் போச்சு. அவ கோவிச்சுக்கல. ‘உங்குளுக்கு வேலை இருக்குதுங்க, தூக்கம் கெடக்கூடாது’ன்னா. அப்பறம் நான் வேலையில இருந்து நின்னுட்டேன். நின்ன பொறகும் கட்டல் ஹால்லதான் கெடந்துச்சு.

அப்பறம் அவளுக்குக் காலையில தலைவலி. பிரஷர் ஏறிப்போச்சு. உக்காந்த எடத்துல கண்ணு சொருகும். ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தங்க வெச்சு, ஒடம்பு பூரா ஒயரை ஒட்டி டெஸ்ட் பண்ணுனாங்க. மணிக்கு நாப்பத்தாறு தடவை மூச்சு நிக்குதுன்னாங்க. தூங்கறப்ப தொண்டை உள்ளுக்குள்ள ஒட்டிக்குதாம். இப்படியே உட்டா இருதயத்துக்கு ஆகாது, மெஷின் வெச்சுத்தான் தூங்கோணும், பகல்ல சித்த நேரம் கண் அசந்தாக்கூட மாட்டிக்கோணும்னு டாக்டர் சொன்னாரு.

எனக்கு ஒடனே புடிபட்டுப்போச்சுங்க. பழைய ரப்பர் ஓசு உறிஞ்சறப்ப உள்ளுக்கு ஒட்டிக்கும், தண்ணி ஏறாது. காத்தழுத்தம் குடுத்து விரிச்சு வெச்சா ஒட்டாது. அதைய டாக்டர்ட்டச் சொன்னேன். ‘கரெக்டாச் சொல்றீங்க சார்’னாரு. மயிலா பக்கத்துல உக்காந்திருந்தா. ‘கடைசியில என்னையும் பம்பாக்கிப்போட்டீங்களா’ன்னு சிரிச்சா. நல்லாச் சிரிப்பாளுங்க.

மெஷின் கம்பெனியிலிருந்து அபிராமின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. ரெண்டு மெஷினு, ஒவ்வொண்ணும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, எது ஒத்துக்குதோ அதைய வாங்கிக்கலாம்னு சொல்லிக் குடுத்துது. எனக்குக் கேக்கோணுமா? புது நோட்டு வாங்கிக் கோடு போட்டுட்டேன்.

மொத மெஷினு ஒரே அழுத்தம். பத்துன்னு வெச்சா விடிய விடிய பத்துதான். மூக்குக்கு மட்டும் சின்னதா ஒரு மாஸ்க்கு. அந்த வாரம் பூரா, மணிக்கு எத்தன தடவை மூச்சு நிக்குதுங்கற நம்பர் எட்டு, ஒம்பது, எட்டு. அஞ்சுக்குக் கீழ வந்தா நார்மல்னு சொல்லியிருந்தாங்க. நான் அவகிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க, அவளே வந்து சொன்னா. ‘என்னமோங்க, கண்ணாலம் ஆகறதுக்கு முன்னால தூங்குனாப்பல தூங்கிப்போட்டேன்’னா. நான் எந்திரிக்கறதுக்கு முன்ன வாசக் கூட்டி, கோலம் போட்டு, செடிக்குத் தண்ணி ஊத்தி முடிச்சிருப்பா. ஆனா ரீடிங் எட்டு. எட்டு எட்டுதானுங்க?

ரெண்டாவதுதான் இது. ஆட்டோ. மூச்சு அடைச்சா அதுவே அழுத்தத்தை ஏத்திக்கும், செரியாச்சுன்னா எறக்கிக்கும். மூக்கு வாய் ரெண்டையும் மூடற மாஸ்க்கு. காலையில இந்தச் சின்னத் திரையில எத்தன மணி நேரம் ஓடுச்சு, எத்தன தடவை மூச்சு நின்னுதுன்னு காமிக்கும். கூடவே ஒரு மூஞ்சி படம். நம்பர் நல்லா இருந்தாச் சிரிக்கும், இல்லீன்னா உம்முன்னு இருக்கும்.

இதுல மொத நாளே ஆறு. எட்டுக்கு ஆறு தேவலைதான? அவ சொன்னா, ‘இது மூஞ்சி மேல யாரோ கைய வெச்சு அமுத்தறாப்பல இருக்குதுங்க. காத்து ஏறி எறங்கறப்ப திடுக்குன்னு முழிப்புத் தட்டுது. மொதல்லதே போதுங்க’ன்னு. டாக்டருங்கூட, ‘நாப்பத்தாறு எட்டாகியிருக்கு, அதுவே பெரிய விசயம் சார், அம்மாவுக்கு ஒத்துக்கிட்டதை வாங்குங்க’ன்னாரு. டாக்டருக்கு என்னங்க, அவருக்கு ஆயிரம் பேரு. எனக்கு ஒருத்திதான? அவளுக்கு இருக்கறதுலயே நல்ல மெஷினு வேணும்னு நெனச்சேன். இதையவே வாங்கிட்டேன்.

வாங்கிச் சும்மா இருக்கலீங்க. உள்ள ஒரு மறைவான மெனு இருக்குது. ரெண்டு பட்டனைச் சேத்து அமுத்திப் புடிச்சாத் தொறக்கும். யூட்யூப்புல பாத்துக் கத்துக்கிட்டேன். ஆரம்ப அழுத்தம், ஈரம், சூடு எல்லாம் மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தேன். மாஸ்க்கு வாரை எங்க இழுத்து நிறுத்தோணும்னு பேனாவுல கோடு போட்டேன், இதா பாருங்க கோடு. அப்படியும் ஆறு, ஏழு, ஆறு. காலையில நேரா அறைக்குள்ள போயி திரையைத்தான் பாப்பேன். அஞ்சுக்கு மேல இருந்தாக் கோவம் வந்துரும். ‘வாரை லூசு பண்ணுனயா? ஒருக்களிச்சுப் படுத்தயா? சொன்ன வேலையச் செய்யறதுக்கு என்ன?’ன்னு கத்துவேன். ‘ஏனுங்க, தூக்கத்துல நான் என்னத்தைக் கண்டேன்’பா. ஒரு தடவை அழுதுட்டா. அவ நல்லதுக்குத்தானுங்க கத்துனேன். வேற எதுக்கு?

ஒரு நாள் அவளுக்குக் கடவாய்ப் பல்லு வலி. காலையில போயிப் பாக்கறேன், ஏழு மணி நேரம் ஓடியிருக்குது, நம்பர் புள்ளி ஏழு. ஒண்ணுகூட இல்லீங்க, புள்ளி ஏழு! மூஞ்சி சிரிக்குது. ‘மயிலா, வந்துருச்சு’ன்னு குதிக்காத கொறை. அவ கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ‘பல்லு வலியில ஒரு பொட்டுத் தூங்கலீங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டேதான் கெடந்தேன்’னா. நான் சிரிச்சேன். ‘தூங்காமயா மெஷின் இப்படிச் சொல்லும்? தூங்குனதே உனக்குத் தெரியல, அத்தன நல்ல தூக்கம்’னேன். என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்பறம், ‘அப்படிங்களா’ன்னா.

பல்லு டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயிட்டு, வர்ற வழியில ஜிலேபி வாங்கியாந்தேன். முந்தின ராத்திரி சத்தமே இல்லாம இருந்துச்சுங்க ஊடு. கொறட்டைங்கற பேச்சே இல்ல. அதனால பொழுதோட கட்டலைத் தூக்கி உள்ள கொண்டு போயிப் போட்டேன். பதினோரு வருசம் கழிச்சு. நீங்க அவ மூஞ்சியப் பாத்திருக்கோணும் தம்பி. அந்த எடத்தைக் கூட்டித் தொடச்சு, புதுப் போர்வை எடுத்து விரிச்சு, ‘சித்த ஒட்டிப் போடுங்க’ன்னா. அம்பத்தெட்டு வயசுக்காரி புதுப் பொண்ணாட்ட நின்னா. ‘இனி இங்கயே படுத்துக்குவீங்களா?’ன்னு கேட்டா. ‘நம்பர் இப்படியே வந்துச்சுன்னா இங்கதான்’னேன்.

மாஸ்க்கு போட்டுட்டா பேச வராதுங்க. கைய மட்டும் நீட்டி என்ற கை மேல வெச்சுக்கிட்டா. நான் அப்படியே தூங்கிட்டேன். காலையில முழிச்சப்பவும் அந்தக் கை அங்கயேதான் இருந்துச்சு.

அன்னையிலிருந்து பாருங்க, ஏறுமுகந்தான். அதாவது எறங்குமுகம். புள்ளி ஆறு, புள்ளி எட்டு, புள்ளி அஞ்சு. டிக்கு, டிக்கு, டிக்கு. நான் கண்ணு முழிக்கறப்ப அவளே கேப்பா, ‘ஏனுங்க, நம்பர் வந்துருச்சுங்களா?’ன்னு. ‘வந்துருச்சு’ம்பேன். அவளுக்கும் மெஷின்ல ஒரு ஆசை வந்துருச்சுன்னு நெனச்சேன். வாட்சப்புல எங்க ரிட்டயர்டு ஆளுங்க குரூப்புல போட்டோ போட்டேன். செட்டிங் கேட்டு நாலு பேரு போன் பண்ணுனாங்க.

நடுவுல அபிராமி ஒருக்கா வந்து மெமரி கார்டை எடுத்துப் பாத்துச்சு. ‘சார், ஆஸ்பத்திரி டெஸ்ட்ல அம்மாவுக்குப் பதினொண்ணு அழுத்தம் தேவைப்பட்டுது. இதுல ஏறவே இல்லையே, ராத்திரி பூரா அஞ்சுலயே நிக்குதே’ன்னுது. நல்ல பம்பு கொறைவாத்தாம்மா கரண்ட் இழுக்கும்னேன். அந்தப் பொண்ணு என்னைய உட்டுப்போட்டு அவளையக் கேட்டுது, ‘அம்மா, நீங்க நல்லாத் தூங்கறீங்களா?’ன்னு. நான் நோட்டை எடுத்துக் காமிச்சேன். இதைய விட என்னங்க வேணும்? அவ என்னையப் பாத்தா, அப்பறம் அந்தப் பொண்ணைப் பாத்து, ‘அவுரு சொன்னாச் செரிதான் கண்ணு’ன்னா.

இருங்க தம்பி, நீங்க எதோ சொல்ல வர்றீங்க. நான் முடிச்சர்றேன்.

ஒரே ஒரு கொறை. பகல்ல அவளுக்கு மந்தம் புடிச்சுக்கிச்சு. அடுப்புல பாலை வெச்சுட்டு நின்னாப்பலயே கண்ணு சொருகி, பால் பொங்கி வழியும். தேங்கா துருவிக்கிட்டே ஒரு நாள் சாஞ்சுட்டா, கையில காயம். மத்தியானம் நான் பழைய பட்டறைப் பக்கம் போயிருவேன். எதுத்த ஊட்டு ராஜாமணியம்மா ஒருக்கா சொல்லுச்சு, ‘மயிலாத்தா மத்தியானத்துல உடற கொறட்டை தெருவுக்கே கேக்குது’ன்னு. எனக்கு மானம் போச்சு. ‘ராத்திரி ஏழு மணி நேரம் கொறட்டை இல்லாமத் தூங்கறவளுக்குப் பகல்ல என்ன தூக்கம்? ஒடம்பு வளையாமத் தின்னா இப்படித்தான்’னு பேசிப்போட்டேன். பேசியிருக்கக் கூடாதுங்க. அதுக்கு நான் வருத்தப்படாத நாளில்ல. ‘பகல்ல படுத்தா மாஸ்க்கை மாட்டிக்கோ’ன்னும் சொன்னேன். ‘அது ராத்திரிக்குப் போதுங்க’ன்னுட்டா.

ஜூன் மாசம் ஒரு வியாழக்கெழமை. நாலரைக்கு நான் வர்றேன், ராஜாமணியம்மா வாசல்ல நிக்குது. கொறட்டை சத்தம் திடீர்னு நின்னுபோச்சு, ரொம்ப நேரமா ஒண்ணுங் கேக்கலயேன்னு உள்ள வந்து பாத்திருக்குது. இந்த ஹால்லதானுங்க, பாயில படுத்திருந்தா. முந்தானையைத் தலைக்கு மடிச்சு வெச்சுக்கிட்டு. இருதயம் தூக்கத்துலயே நின்னுபோச்சுன்னாரு டாக்டர். நான் நம்பலீங்க. நோட்டை எடுத்துட்டுப் போயிச் சண்டை போட்டேன். ‘நேத்து ராத்திரிகூட புள்ளி ஆறு சார், எப்படி நிக்கும்?’னு கத்துனேன். அவரு நோட்டைப் பாத்தாரு, ரெண்டு பக்கம் புரட்டுனாரு, மூடி என்ற கையிலயே குடுத்துட்டாரு.

இப்ப பழுதுக்கு வர்றேன்.

நேத்து நீங்க வர்றேன்னீங்க. ஓட்டிப் பாக்காமக் குடுக்கக் கூடாதில்லீங்களா? தொட்டியில தண்ணி ஊத்தி, மாஸ்க்கை மாட்டிக்கிட்டு அவ கட்டல்ல நானே படுத்தேன். எனக்கு இந்த நோவெல்லாம் கெடையாது. ஆனா அவ போனதுல இருந்து தூக்கமும் கெடையாதுங்க. நேத்தும் அப்படித்தான். ஒரு பொட்டுக் கண் அசரல. பால்காரன் மணி அடிக்கற வரைக்கும் முகட்டைப் பாத்துட்டுக் கெடந்தேன். காலையில எந்திரிச்சு மெஷினை அமத்தறேன். ஏழு மணி நேரம் நாலு நிமிசம். நம்பர் புள்ளி ஆறு. அழுத்தம் அஞ்சுலயே நின்னிருக்குது. மூஞ்சி சிரிக்குது.

தூங்காதவனைப் பாத்து மெஷின் சிரிக்குதுங்க! இதுதான் பழுது. அவளுக்கு வந்த அதே நம்பரு. முள்ளு ஒட்டிக்கிட்ட கேஜு இப்படித்தான், யாரு மாட்டுனாலும் ஒரே ரீடிங் காமிக்கும். இப்படியொரு பழுதை வெச்சுக்கிட்டா அவளுக்கு ஓட்டுனேன்னு காலையில இருந்து மனசு ஆறல. கம்பெனிக்காரனைச் சும்மா உடப்போறதில்ல. நாளைக்கு அந்த அபிராமியக் கூப்புட்டுக் கேக்கப்போறேன்.

என்னங்க? முள்ளு ஒட்டியிருந்தா நடுவுல ஏறியிருக்காதா? ஏறியிருக்குதுங்களே. நான் உள்ள வந்து படுத்த பொறகு மூணு நாள் வட்டம் போட்டிருக்கறேன். இருங்க, கண்ணாடி எங்க... இதா. மார்ச்சு இருபத்தொண்ணு. ஏழு புள்ளி எட்டு. ‘மக வீட்டிற்குப் போய் வந்த அலுப்பு. உடனே படுத்துவிட்டாள். திட்டினேன்.’ அடுத்தது ஏப்ரல் பதினெட்டு. ஆறு புள்ளி நாலு. ‘சளி மாத்திரை போட்டாள். திட்டினேன்.’ அப்பறம் மே முப்பது. எட்டு புள்ளி ஒண்ணு. ‘நான் பழனி போயிருந்தேன். வந்து பார்த்தேன்.’

அன்னைக்கு நான் வந்தப்ப வாசல்ல இவ்வளவு பெரிய கோலம் போட்டிருந்தா. மூஞ்சி தெளிஞ்சாப்பல இருந்துச்சு. நான்தான் திரையப் பாத்துட்டு...

அலுப்புல ஒரு நாளு. மாத்திரையில ஒரு நாளு. நான் பக்கத்துல இல்லாம ஒரு நாளு.

தம்பி, கை நகரவே இல்லீங்க. நான் தூங்கறப்ப எங்க வெச்சாளோ, முழிக்கறப்பவும் அங்கயே இருக்கும். தூங்கறவ கை நழுவியிருக்குமில்லீங்களா? நாலு மாசம், இந்த வட்டம் போட்ட நாளைத் தவிர, ஒரு நாள்கூட நழுவலீங்க. நான் பக்கத்துல நல்லாத் தூங்குனேன்.

இந்த மூணு நாள்தான் தூங்கியிருக்கா. மூணு நாளும் திட்டியிருக்கறேன்.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். ஒண்ணுமில்ல, நீங்க உக்காருங்க. பஸ்ஸுக்கு நேரமாகுதா? இந்தாங்க, கொழாயைச் சுத்தி வெச்சிருக்கறேன், பையில வெச்சுக்கோங்க. மாஸ்க்கு மட்டும் வேற வாங்கிக்கோங்க, மூக்குக்கு மட்டும் சின்னதா ஒண்ணு வருது. இந்த நோட்டு உங்குளுக்கு வேண்டாங்க, குடுங்க.

எடுத்துட்டுப் போங்க தம்பி. மெஷின்ல ஒரு பழுதும் இல்லீங்க.